கல்லும் பாட்டும்

போரில் உயிர்நீத்த வீரரை மறவாதிருக்க மக்கள் பண்டுதொட்டே இரண்டு வழிகளைக் கைக்கொண்டு வந்துள்ளனர். ஒன்று கல்; மற்றொன்று பாட்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுக்கிறது. தக்க கல்லைக் கண்டு தேர்வதில் தொடங்கும் அம்முறை, வாழ்த்துவதில் முடிகிறது. கல்லை நாட்டிய அளவில் கடமை தீர்வதில்லை; வாழ்த்திய பின்னரே அது நிறைவுறுகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அரசனது ஆட்சியாண்டும், வீரனது பெயரும், அவன் வீழ்ந்த பூசலும் பொறிக்கப்பட்டுள்ளன. அதியமானின் நடுகல்லைக் குறித்து ஒளவையார் பாடிய பாட்டோ, பிரிவாற்றாத நெஞ்சின் துயரை இன்றும் நமக்கு உணர்த்துகிறது. கல் பெயரைக் காத்தது. பாட்டு உணர்வைக் காத்தது.

இம்மரபு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. நம்மவர் பலர் குடியேறி வாழும் கன்னட நாட்டிலும், மராட்டியத்திலும், குஜராத்திலும் ஊர்ப்புறங்களில் இத்தகைய வீரக்கற்களைக் காணலாம். நம் காலத்திலும் இம்மரபு அற்றுப்போகவில்லை.

1962ஆம் ஆண்டு சீனப் போர் நாட்டை ஆறாத் துயரில் ஆழ்த்தியது. மறு ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், தில்லி நேஷனல் ஸ்டேடியத்தில், பிரதமர் நேருவின் முன்னிலையில் லதா மங்கேஷ்கர் ஓர் இந்திப் பாட்டைப் பாடினார். இயற்றியவர் கவி பிரதீப், இசையமைத்தவர் சி. ராம்சந்திரா. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்திற்கு இசையமைத்தவராக அவரைத் தமிழ் மக்கள் முன்பே அறிவர். 'ஏ மேரே வதன் கே லோகோ' எனத் தொடங்கும் அப்பாட்டு எந்தத் தனி வீரனையும் பெயர் சுட்டிப் பாடவில்லை. ஆயினும் சீக்கியர், ஜாட், மராட்டியர், கூர்க்கா எனப் படைவீரரை வரிசைப்படுத்துமிடத்து, 'மதராசி' என்னும் சொல்லும் அதில் இடம்பெறுகிறது. வடபுலத்துத் தெருக்களில் நம்மை வேற்றூரார் என ஒதுக்கிக் காட்டவும் வழங்கிய சொல் அது. அப்பாட்டிலோ, நாட்டுக்காகக் குருதி சிந்தியோருள் ஒருவனது பெயராக அது உயர்ந்து நிற்கிறது.

பாட்டு பெயரிடாது விட்டவர்களைக் கல் பெயரிட்டு அழைக்கிறது. 2019 பிப்ரவரி 25ஆம் நாள் தில்லியில் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் உயிர்நீத்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வீரரின் பெயர்கள் கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. பரம்வீர் சக்கரம் பெற்ற இருபத்தொருவரின் மார்பளவுச் சிலைகளும் அங்கே உள்ளன. அவருள் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்த தமிழர். மகார் படைப்பிரிவில் பணியாற்றி, 1987 நவம்பர் 25ஆம் நாள் இலங்கையில் வீழ்ந்தார். நம்மைப்போல் வெளிமாநிலத்தில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மகன் அவர்.

பாட்டைக் கேட்டுக் கண் கலங்குவது எளிது. அதனோடு அமையாது, தில்லி செல்லும்போது நம் பிள்ளைகளை அக்கற்களின்முன் நிறுத்தி, ஒரு பெயரையேனும் வாய்விட்டுப் படிக்கச் செய்வோமாக. வாழ்த்தாத கல் ஊமைக் கல். அதற்கு நாவாக நிற்பது வாழ்வோரின் கடமை.