பெயர் எழுதாத நிலக்காட்சி

பெயரில்லாத பொருளொன்றைக் கண்டால் உடனே அதற்கொரு பெயரைச் சூட்டிவிடத் துடிப்பது மனித இயல்பு. அத்துடிப்பை அடக்கி ஆராய்வது எப்படி என்பதை, ஆங்கில ஓவியர் டர்னர் விட்டுச்சென்ற நீர்வண்ணச் சித்திரங்களின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

டர்னர் 1775-இல் லண்டனில் ஒரு முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்தவர். நிலக்காட்சி வரைவதில் ஈடிணையற்று விளங்கி 1851-இல் மறைந்தார். அவரது உயில் பற்றிய வழக்கு 1856-இல் முடிந்தபோது, பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வரைதாள்கள் அந்நாட்டின் பொதுவுடைமையாயின. தகரப் பெட்டிகளில் அடைந்து கிடந்த அவற்றை அறிஞர் ரஸ்கின் வகைப்படுத்தினார். ஃபின்பெர்க் என்பவர் 1909-இல் முழு அட்டவணையை இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

அத்தாள்கள் பலவற்றில் ஊரின் பெயரும் இல்லை, நாளும் இல்லை. ஓர் ஆறு, ஒரு பாறை, அதன்மேல் ஒரு கோட்டை, கீழே சில கோபுரங்கள், மாலை ஒளி: அவ்வளவே. வரைந்தவருக்கு அது எவ்வூர் என்பது தெரியும், எழுதிவைக்கத் தேவையில்லை. பின்வந்தோருக்கோ, ரைன், மோசெல், மியூஸ் ஆகிய ஆறுகளின் கரைகளில் அத்தகைய ஊர்கள் பலவாக உள்ளன.

ஆய்வாளர் இங்கே மூன்று சாட்சிகளை விசாரிக்கின்றனர்.

முதற்சாட்சி தாள். 1794-இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட வரிச்சட்டம் ஒன்றன் விளைவாகக் காகித ஆலைகள் ஆண்டினை நீர்க்குறியாகப் பதிக்கலாயின. தாளை ஒளிக்கு நேரே பிடித்தால் அது தெரியும். படம் அவ்வாண்டுக்கு முந்தியதன்று என்று மட்டுமே அக்குறி சொல்லும். எத்துணை பிந்தியது என்று சொல்லாது. டர்னர் பெரிய தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து வரையும் வழக்கமுடையவர். இரு துண்டுகளின் ஓரங்கள் பொருந்துமானால், ஊர் தெரிந்த துண்டு, தெரியாத துண்டுக்கு வழிகாட்டும்.

இரண்டாம் சாட்சி, பயணக் குறிப்பேடு. வழியில் பென்சிலால் விரைந்து கோடிட்டுக்கொண்டு, பெரும்பாலும் பின்னர் அறையில் அமர்ந்தே அவர் வண்ணம் தீட்டினார். வண்ணப்படத்துக்கு ஒத்த கோட்டுப்படம் குறிப்பேட்டில் அகப்பட்டால், அதன் முன்பின் பக்கங்கள் அவர் சென்ற வழியைக் காட்டிவிடும். ஆயினும் மலையை உயர்த்தியும் கோபுரத்தை நீட்டியும் வரையத் தயங்காதவர் அவர். எனவே உயரத்தை நம்பலாகாது. கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையையே நோக்கவேண்டும்.

மூன்றாம் சாட்சி, படத்துக்குள் உறையும் வரலாறு. கோப்லென்ஸ் நகருக்கு எதிரேயுள்ள எரன்பிரைட்ஸ்டைன் கோட்டையைப் பிரெஞ்சுப் படையினர் 1801-இல் தகர்த்தனர். பிரஷ்யர் 1817 முதல் 1828 வரை அதைப் புதிதாகக் கட்டினர். கோட்டை இடிபாடாக நிற்கும் காட்சியும் முழுமையாக நிற்கும் காட்சியும் ஒரே பயணத்தில் கண்டவையாக இருத்தல் இயலாது.

இச்சாட்சிகளை ஒருங்கே விசாரித்தால் விளையும் பயன் பெரிது. மியூஸ், மோசெல் ஆறுகளை நீலத்தாளில் தீட்டிய படத்தொகுதி ஒன்றை, முந்திய ஆண்டுகளுக்கு உரியதென்றே நெடுங்காலம் கருதிவந்தனர். சிசிலியா பவல் என்னும் ஆய்வாளர், அது 1839-ஆம் ஆண்டுப் பயணத்தின் விளைவு என்பதை 1991-இல் எடுத்துக்காட்டினார்.

இதைப் படித்தபோது என் பிழையொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில், முன்னும் பின்னும் ஏடுகளை இழந்த அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதி ஒன்று உண்டு. இளமையில் அதன் நடையழகில் மயங்கிய நான், பேர்பெற்ற ஆலிம் ஒருவர் தம் கைப்பட எழுதியதென்று மேலட்டையில் எழுதிவைத்தேன். வந்தவரெல்லாம் அதை நம்பினர். உண்மையில் எழுதியவர் யார் என்று ஒருவரும் தேடவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் ஒருநாள் தாளை விளக்கொளியில் பிடித்தேன். நீர்க்குறியில் இருந்த ஆண்டு, அந்த ஆலிம் மறைந்த ஆண்டுக்குப் பிந்தியது!

அட்டையில் நான் எழுதியதை அடித்துவிட்டு, ‘எழுதியவர் அறியப்படவில்லை’ என்று எழுதினேன். டர்னரின் படங்கள் சிலவற்றின் கீழும், ‘இடம் அறியப்படவில்லை’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. அது அறியாமையைப் பறைசாற்றும் சொல்லன்று. நாளை வருபவனுக்குத் திறந்துவைத்த கதவு. தவறான பெயரோ அக்கதவை அடைத்துவிடுகிறது. ‘லா அத்ரீ’, அதாவது ‘நான் அறியேன்’ என்பது அறிவில் பாதி என்று மதரஸாவில் எமக்குச் சொல்லித்தந்தார்கள். அதன் பொருளை நான் உணர்ந்தது அந்த விளக்கொளியிலேதான்.