பன்றி நாடாப்புழுப் பரவல்: கணித மாதிரிகள்

டீனியா சோலியம் என்னும் பன்றி நாடாப்புழுவுக்கு மனிதக் குடலும் பன்றியும் திறந்தவெளி மலமும் இருந்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியிலுள்ள நீர்க்கட்டி குடலில் புழுவாகிறது. மலத்தோடு வெளியேறும் முட்டையைப் பன்றி தின்கிறது. அதே முட்டை மனித வாய்க்குள் போனால், மூளையில் கட்டியாகி வலிப்பு வரலாம். சமைப்பவர் கழுவாத கையே வழி என்பதால் சைவர்களும் தப்புவதில்லை.

வேலூர் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த கணக்கெடுப்பு 2006-இல் வெளிவந்தது: வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இந்தத் தொற்று.

சுழற்சியை எங்கே அறுப்பது? மாதிரிகள் அதைத்தான் கணக்கிடுகின்றன. 2017-இல் வந்த எபிசிஸ்ட், மனிதரையும் பன்றிகளையும் நோய்நிலைவாரியாகப் பிரித்துச் சமன்பாடுகளில் அடைக்கிறது. 2016-இல் வந்த சிஸ்டிசிம், ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு பன்றியையும் கணினிக்குள் தனித்தனியே வாழவிடுகிறது. கொஞ்சம் விளையாட்டுப்போலத் தோன்றினாலும், சிறிய ஊருக்கு இதுவே பொருத்தம். மனிதருக்கு மருந்து, பன்றிக்கு மருந்தும் தடுப்பூசியும் என இரு பக்கமும் சேர்ந்தே நெருக்க வேண்டும் என்றது அது.

பெருவின் தும்பெஸ் பகுதியில் இதே கூட்டு முயற்சி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவலை நிறுத்தியதாக 2016-இல் அறிவிக்கப்பட்டது. பன்றிக்கான டிஎஸ்ஓஎல்18 தடுப்பூசி ஐதராபாத்தில் தயாராகிறது.