ஆண்டாளின் வேட்கை: ஒரு சொல்லாய்வு

நாச்சியார் திருமொழியின் 13ஆம் பதிகத்தை முடிக்கும் பாடலில் ஆண்டாள் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, எந்த நிலையில் நின்று பாடினார் என்பதையும் சொல்லிவிடுகிறார். ஊர் வில்லிபுத்தூர், நிலை வேட்கை. இந்தச் சொல்லுக்கு ‘ஏக்கம்’ என்று எளிதாகப் பொருள் எழுதிவிடலாம். எழுதினால் பாட்டின் உயிர் போய்விடும்.

ஏங்குதல் இழந்தவர்களின் வினை. அழுதல், ஒலித்தல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. தாயைப் பிரிந்த குழந்தை காய்ச்சலில் விழுந்தால் ‘பிள்ளை ஏங்கிப்போச்சு’ என்கிறோம். அங்கே பிள்ளை எதுவும் செய்வதில்லை, படுகிறது.

வேட்கையின் அடி வேள். கேள் என்பது கேட்டல், கேட்கை ஆவது போல வேள் என்பது வேட்டல், வேட்கை ஆகிறது. கலித்தொகை 51ஆம் பாட்டில் வாசலில் நின்று தண்ணீர் கேட்பவன் ‘வேட்டேன்’ என்கிறான். தாகத்துக்கு நீர்வேட்கை என்று பெயர். மணம் செய்வதும் வேட்டல்தான்; பெண் எடுத்த வீடு வேட்டகம். அந்தணரின் ஆறு தொழில்களில் வரும் வேட்டலோ வேள்வி செய்வதைக் குறிக்கும். காமனுக்கே வேள் என்று பெயர்: அவன் கருவேள், முருகன் செவ்வேள். தேர்தலில் நிற்கும் வேட்பாளர் வரை இந்த அடி வந்திருக்கிறது.

விரும்புவதும் மணப்பதும் தீயில் இடுவதும் ஒரே வினையா, ஒலியால் மட்டும் ஒத்த மூன்று வினைகளா என்று கேட்கலாம். ஒரே வினை என்பதே இக்கட்டுரையின் துணிபு. வேண்டியதைப் பெறக் கையில் இருப்பதை இடுவதுதானே வேள்வி? தெலுங்கும் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே ‘வேல்ச்சு’ என்றால் தீயில் ஆகுதி இடுதல், ‘வேல்ப்பு’ என்றால் தெய்வம், ‘இலவேல்ப்பு’ என்றால் குலதெய்வம்.

இந்தப் பொருள்கள் அத்தனையும் நாச்சியார் திருமொழியில் ஒன்றுகூடுகின்றன. முதல் பதிகத்தில் தை மாதம் தரையைத் துலக்கி, மண்டலம் இட்டு, மாசியின் முன்நாட்களில் நுண்மணலால் தெருவை அழகுசெய்து காமனுக்கு நோன்பு நோற்கிறாள் பெண். ஆறாம் பதிகத்தில் திருமணக் கனவு. அண்ணன்மார் அவள் கையை மணமகன் கைமேல் வைக்க, பொரியை அள்ளித் தீயில் இடுகிறார்கள். அந்த ஒரு பிடிப் பொரியில் மணமும் வேள்வியும் வேறல்ல. இவ்வளவுக்கும் பிறகுதான் 13ஆம் பதிகம் வருகிறது.

அதில் மெலிவு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் தொல்காப்பியக் களவியல் வேட்கையை முதலில் வைத்து, மெலிதலை அதன் பின்னரே அடுக்குகிறது. மெலிவு வேட்கையின் விளைவு. பதிகத்தின் வினைகளையும் பார்க்க வேண்டும். கண்ணன் இடுப்பில் உடுத்த மஞ்சள் ஆடையைக் கொண்டுவந்து வீசுங்கள், அவன் சூடிய துளசியைக் கொண்டுவந்து என் கூந்தலில் சூட்டுங்கள் என்று சுற்றியிருப்பவர்களை ஏவுகிறாள். ஏங்கி மட்டும் கிடப்பவள் இப்படி ஏவமாட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாளுக்கும் பெருமாளான ரங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம் நடக்கிறது. அவ்வூர் அவளைப் பிரிவில் விட்டுவைக்கவில்லை. பாடநூல்களுக்கு அருஞ்சொற்பொருள் எழுதுவோரும் அப்படி விட்டுவைக்கக் கூடாது. வேட்கை வரும் இடத்தில் ‘ஏக்கம்’ என எழுதாமல் ‘பெற்றே தீரவேண்டும் என்ற விருப்பம்’ என எழுதுங்கள்.