பட்டா இல்லாத மலையூர்

ஸ்பெயினின் தெற்கே, சியரா நெவாடா மலைச்சரிவில், அல்புஹார்ரா என்றொரு வட்டாரம் இருக்கிறது. தட்டைக் கூரை போட்ட வெள்ளை வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் அதன் சிற்றூர்களைப் பார்க்கப் பல நாட்டார் போகிறார்கள். எவ்வளவு பழைய ஊர் என்று வியந்து திரும்புகிறார்கள். ஊர் பழையதுதான். மலையைச் சுற்றிவரும் வாய்க்கால்களும் படிவயல்களும் அங்கே முஸ்லிம் அரசுகள் இருந்த காலத்தவை. குடிகள் அப்படியல்ல. கட்டாயத்தில் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம் வழியினரான மொரிஸ்கோக்கள் 1568-இல் எழுப்பிய கலகத்தை அடக்கிய மன்னன் இரண்டாம் பிலிப், அவர்களைக் கூண்டோடு வெளியேற்றிவிட்டு, 1570-களில் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து சுமார் 12,000 குடும்பங்களைக் கிரானடா வட்டாரத்தில் கொண்டுவந்து அமர்த்தினான். வந்தவர்களுக்கு வீடும் நிலமும் பங்கு பிரித்துப் பதிவேட்டில் எழுதப்பட்டன; அரசுக்கு உரிய வாரத்தைக் கட்டிவந்தால் பிள்ளைகளுக்கும் அது சேரும். வந்தேறிகள் ஊர்க்காரர்களானதற்குக் கடந்துபோன காலம் பாதிக் காரணம் என்றால், அந்தப் பதிவேடு மறுபாதி.

இதை இங்கே சொல்லக் காரணம் மாஞ்சோலை. மணிமுத்தாறு அணையைத் தாண்டி வளைந்து ஏறும் பாதையில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக வரும் குடியிருப்புகளை எல்லோரும் ‘எஸ்டேட்’ என்பார்கள். ஊர் என்பவர்கள் குறைவு. சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான காட்டில் 8,373 ஏக்கர், 1929-இல் பாம்பே பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. அந்தக் குத்தகைக்கு ஒரு முன்கதை உண்டு. 1919-இல் சென்னையில் குறுநில மன்னர்களின் பிள்ளைகள் படித்த விடுதிப் பள்ளியின் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிக்கிய ஜமீன் வாரிசு பம்பாயில் நடந்த விசாரணையில் விடுதலையானார். விடுதலைக்குச் செலவழித்த கடன்தான் மலையைக் குத்தகைக்குத் தள்ளியது என்பது வட்டாரத்துப் பேச்சு. ஒரு கொலை வழக்கின் வக்கீல் கட்டணத்தில் ஒரு ஊர் பிறந்தது என்றால் நம்பக் கடினம்தான். ஜமீன் கணக்குகளில் அதைவிட விசித்திரமானவை உண்டு.

காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் ஏலமும் வைக்கச் சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் கங்காணிகள் வழியாக மேலே வந்தார்கள். லயன் வீடுகள் எழுந்தன. கோயில், சர்ச், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. கொழுந்து பறித்தவளின் பேத்தியும் அதே சரிவில் கொழுந்து பறித்தாள். ஊர் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டால், பதில் இரண்டு சட்டங்களில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி சிங்கம்பட்டி 1952-இல் அரசு வசமானது. ஜமீன் ஒழிந்த இடங்களில் நிலத்தை உழுதுவந்த குடியானவர் ரயத்துவாரிப் பட்டா கேட்க அந்தச் சட்டம் வழிவைத்தது. மலைமேல் வேலை செய்தவர் சட்டத்தின் கண்ணில் குடியானவர் அல்லர், கூலியாள். அவருடைய மண்வெட்டி எத்தனை வருஷம் அந்த மண்ணில் இறங்கியது என்பது கணக்கில் வராது. கம்பெனியின் குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமோ தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டை வேலையோடு முடிச்சுப் போட்டதும் அதுவே. வேலை போனால் வீடும் போகும். அல்புஹார்ராவில் வாரம் கட்டியவனுக்குக் கிடைத்த பதிவேட்டு வரி, மாஞ்சோலையில் யாருக்கும் எழுதப்படவில்லை.

குத்தகை 2028-இல் முடியும் என்பது தெரிந்த விஷயம்தானே, இதில் அநியாயம் எங்கே என்று கேட்பார்கள். தெரிந்தது கையெழுத்துப் போட்ட இரு தரப்புக்கு. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தில் தரப்பே இல்லை. காலாவதித் தேதி மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. தங்கள் கூலியையே அவர்கள் மலையிலிருந்து இறங்கி நெல்லைக்கு வந்துதான் கேட்க வேண்டியிருந்தது. 1999 ஜூலை 23-இல் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற ஊர்வலம் போலீஸ் தடியடியில் கலைந்து, தாமிரபரணியில் முடிந்தது. 17 பேர் உயிர் போயிற்று.

காட்டின் பக்கத்து வாதம் இதைவிடக் கனமானது. மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்பே அந்த மலை. 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சோலைக்காடு திரும்பினால் அடிவாரத்து வயலுக்கும் நல்லதுதான். போதாததற்கு, தொழிலாளர்கள் வருமுன்பே பொதிகை மலையில் காணிக்காரர்கள் இருந்தார்கள். மூத்த குடி யார் என்று போட்டி வைத்தால் மாஞ்சோலைக்காரர்கள் தோற்பார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். தேயிலை அங்கே தொடர வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதமும் அல்ல. ஆனால் காடு திரும்புவதற்கும், நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களை ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்களாக எண்ணுவதற்கும் இடையே தர்க்கத் தொடர்பு எதுவும் இல்லை. காட்டை வெட்டச் சொன்னது ஒரு குத்தகைப் பத்திரம். அதற்கு ஜமீனும் ஆங்கிலேய அரசும் சாட்சி. வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் காட்டுக்கான முழு விலையையும் கட்ட வேண்டும் என்பது விநோதமான கணக்கு.

2024-இல், குத்தகைக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான ‘டான்டீ’ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அந்த டிசம்பரில் நிராகரிக்கப்பட்டது. அதன்பின் நடந்ததெல்லாம் சமவெளியில் யாருக்கு எங்கே வீடு என்ற பேச்சுத்தான். நாலுமுக்கும் ஊத்தும் அதுவரை குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் முகவரியாக இருந்தன.