இலை அழுகினாலும் வேர் உயிரோடிருக்கும்



பள்ளி அறிவியல் மூலையிலோ இல்லத்திலோ மீன்தொட்டி அமைப்போர் பலர், நட்ட இரண்டாம் வாரமே செடியைப் பிடுங்கி எறிந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். இலை அழுகியதும் செடி மடிந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். இந்த அழுகலுக்கு 170 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்பதை இன்று பகிர விழைகிறேன்.

இலண்டனில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் இராபர்ட் வாரிங்டன். அவர் 1849ஆம் ஆண்டில் ஒரு தொட்டியில் மணலும் சரளையும் பரப்பி, வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கும். செடி ஒளியில் வெளியிடும் உயிர்வாயுவை மீன் சுவாசிக்கும். அவ்வாறாயின் நீரை மாற்றாமலேயே இரண்டும் வாழுமா என்பதே அவரது வினா.

தொடக்கத்தில் சிக்கல் எழுந்தது. செடியின் பழைய இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. வாரிங்டன் முயற்சியைக் கைவிடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைத் தொட்டியில் விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன. அவற்றின் முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. நீர் தெளிந்தது, செடி தழைத்துப் பக்கச்செடிகளையும் ஈன்றது. 1850இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'இசைவாக்கம்' எனப் பொருள்படும் சொல் இடம்பெற்றது. 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் மீன்தொட்டிக் கலையை இல்லந்தோறும் பரப்பியது.

இன்று நாம் வாங்கும் செடிகளுள் பல, பண்ணைகளில் நீருக்கு மேலே இலைவிட்டு வளர்ந்தவை. காற்றில் வளர்ந்த தடித்த இலை நீருக்குள் நிலைப்பதில்லை. செடி அதனை உதிர்த்து, நீருக்கேற்ற மெல்லிய இலையைப் புதிதாக விடுகிறது. நம் தீபகற்ப ஆறுகளிலும் வளரும் கிரிப்டோகொரைன் இனச் செடிகள், இடம் மாறியதும் எல்லா இலைகளையும் இழப்பதுண்டு. ஆயினும் வேர் உறுதியாயிருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும்.

ஆகவே, அழுகிய இலையை மட்டும் கத்தரித்து அகற்றுங்கள். அடிக்கடி பிடுங்கி இடம் மாற்றாதீர்கள். முதல் வாரங்களில் நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கொளி போதும். மிகுந்தால் பாசி முந்திக்கொள்ளும். மீன்களைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

ஆண்டு ஒன்றில் சேர்ந்த பிள்ளை முதல் மாதத்தில் வாய் திறக்கவில்லை என்பதற்காக, வேறு பள்ளிக்கு மாற்றத் துடிக்கும் பெற்றோரிடமும் நான் இதையே சொல்வதுண்டு. பிள்ளையைத் துன்புறுத்தும் காரணம் ஏதேனும் இருந்தால் அதனைக் கண்டறிந்து களையுங்கள். அஃதில்லையெனில், வேரூன்றக் காலம் கொடுங்கள்.