ஐந்து மாத நடையும் ஐந்தாண்டு அடக்கமும்

பயண நூல் என்றவுடன் இப்னு பதூதாவின் பெயரே நம் நெஞ்சில் முதலில் எழும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாடு பல சுற்றியவர், கண்டதையும் கேட்டதையும் எடுத்துரைக்க, இப்னு ஜுஸை அதனை எழுதி நிறைவு செய்த ஆண்டு 1355. நிரம்பச் சொல்வதே அந்நூலின் சிறப்பு. குறைத்துச் சொல்வதையே சிறப்பாகக் கொண்ட பயண நூல் ஒன்று ஜப்பானில் தோன்றியது. அதன் வரலாறும் நாம் அறியத்தக்கதே.

அதனை இயற்றியவர் ஹைக்கூக் கவிஞர் மட்சுவோ பாஷோ (1644-1694). இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரில் வாழ்ந்த அவர், 1689 மே மாதத்தில், தம் குடிலைப் பிறருக்கு அளித்துவிட்டு, சோரா என்னும் மாணவருடன் வடதிசை நோக்கிப் புறப்பட்டார். ஏறத்தாழ ஐந்து மாதங்களில் சுமார் 2,400 கிலோமீட்டர் கடந்தார். இடையிடையே குதிரையும் படகும் உதவின. எஞ்சிய வழியெல்லாம் நடையே.

அந்நாளில் பெரும்பாலோர் நடந்துதானே சென்றனர், மெல்லச் சென்றதில் பெருமை என்ன என வினவலாம். நியாயமான வினாவே. அவருடைய பொறுமை காலில் மட்டும் இல்லை, எழுதுகோலில் இருந்தது. ஊர் திரும்பியதும் அவர் நூலை வெளியிட்டு விடவில்லை. திருத்தித் திருத்தி, 1694 இல்தான் நிறைவு செய்தார். அவ்வாண்டே ஒசாகாவில் மறைந்தார். 'ஓக்கு நோ ஹோசோமிச்சி' என்னும் அச்சிறு நூல் அச்சேறியது 1702 இல்.

அவர் செய்த திருத்தங்களுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. யாமாதெரா என்னும் மலைக்கோயிலில், பாறைக்குள் ஊடுருவும் சில்வண்டின் ஒலியை அவர் பாடினார். சோரா குறித்து வைத்த முதல் வடிவில் கோயிலின் பெயரே இருந்தது. 'அமைதி' என்னும் பொருள் தரும் சொல் பின்னரே அவ்விடத்தில் அமர்ந்தது. எங்கே கேட்டோம் என்பதைக் கைவிட்ட பின்னரே எதைக் கேட்டோம் என்பது அவருக்குத் துலங்கிற்று போலும்!

மட்சுஷிமா விரிகுடா ஜப்பானின் தலைசிறந்த காட்சிகள் மூன்றனுள் ஒன்று. அங்கே சோராவின் கவிதையை நூலில் சேர்த்த பாஷோ, தமது கவிதை எதனையும் சேர்க்கவில்லை. அவர் அவ்விடத்தைப் பாடாமல் இல்லை, பாடியதை விலக்கினார்.

சோராவின் நாட்குறிப்பு 1943 இல் வெளிவந்தது. நாளும் வானிலையும் தங்கிய இடமும் அதில் உள்ளன. பாஷோ சில செய்திகளை விடுத்ததும், சிலவற்றை மாற்றியதும் அப்போது வெளிப்பட்டன. இது பொய்யாகாதா? வரலாறு எழுதுவோன் செய்திருப்பின் குற்றமே என்போம். பாஷோ எழுதியதோ கவிதை நூல். நடந்த வழியை அறிய விரும்புவோர் சோராவை நாடுக. நடந்தவர் நெஞ்சில் நிலைத்ததை அறிய விரும்புவோர் பாஷோவை நாடுக. இரண்டும் வேண்டும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதுதான் பிழை.

இன்று தோக்கியோவிலிருந்து மட்சுஷிமாவை அடுத்த செண்டாய் நகருக்கு விரைவு ரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. அவ்விரைவை நாம் பழிக்கவில்லை. காலின் மெதுநடை அக்காலம் அவர்மீது சுமத்தியது; சொல்லின் அடக்கம் அவரே தேர்ந்து கொண்டது. முன்னது காலத்தோடு போயிற்று. பின்னது இன்றும் நம் கையில்தான் உள்ளது.