டிராகன் (இதழ்)

டிராகன், மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டுகளுக்கான அமெரிக்க இதழ். 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1976 ஜூனில் இதைத் தொடங்கியது. அதற்கு முன் வந்த 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' ஏழு இதழ்களோடு நின்று, இதற்கு வழிவிட்டது. முதல் ஆசிரியர் டிம் காஸ்க்.

புதிய விதிகள், அரக்கர்கள், மந்திரங்கள், சிறுகதைகள், கேலிச்சித்திரத் தொடர்கள் எல்லாம் இதில் வந்தன. வாசகர்களே எழுத்தாளர்களானதுதான் இதன் பெரும்பலம். கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட் சிறு வயதிலிருந்தே தனக்கென்று கட்டிவைத்திருந்த கற்பனை உலகைப் பற்றி இங்கே கட்டுரை கட்டுரையாக எழுதினார். எல்மின்ஸ்டர் என்னும் முதிய மந்திரவாதி சொன்ன செய்திகளாகவே பலவற்றை அமைத்தார். அந்த உலகமே 1987-இல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற பெயரில் தனி வெளியீடாயிற்று. ஓர் இதழின் பக்கங்களிலிருந்து இவ்வளவு விரிந்த உலகம் எழுந்தது அரிய நிகழ்வு. அரக்கர்களை உயிரியல் நோக்கில் விவரித்த 'எக்காலஜி' கட்டுரை வரிசையும் வாசகர்களுக்குப் பிடித்தமானது.

1986-இல் ஆயத்த சாகசங்களுக்கென 'டஞ்சன்' என்ற துணை இதழ் பிறந்தது. 1997-இல் டிஎஸ்ஆரை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2002 முதல் டிராகனைப் பைசோ நிறுவனம் வெளியிட்டது. 2007 செப்டம்பரில் வந்த 359-ஆம் இதழே கடைசி அச்சிதழ். அதன்பின் 2013 வரை மின்னிதழாக வந்தது.